ஆக்சுவேட்டரை மூன்று தடவை பிரித்த கதை

ஒரே ஆக்சுவேட்டரை (காற்றழுத்தத்தால் வால்வைத் திருப்புகிற கருவி) ஒரே வாரத்தில் மூன்று தடவை பிரித்து மாட்டியிருக்கிறேன். அதில் முதல் தடவைதான் அவசியம், மற்ற இரண்டும் என் அவசரப் புத்தியால் வந்தது.

கடலூர் சிப்காட்டில் மெயின்டனன்ஸ் வேலை எனக்கு. டேங்கிலிருந்து பம்புக்குப் போகிற லைனில் மூன்று இன்ச் பால் வால்வு (உள்ளே ஓட்டை போட்ட உருண்டை திரும்பி வழியைத் திறந்து மூடும்), அதன் தலையில் ரேக்-பினியன் ஆக்சுவேட்டர், ஸ்பிரிங் ரிட்டர்ன். உள்ளே இரண்டு பிஸ்டன், அவற்றோடு இருக்கிற பல் வரிசைதான் ரேக், அது நடுவிலுள்ள பல் தண்டை, அதாவது பினியனைச் சுற்றும். காற்று கொடுத்தால் திறக்கும், காற்று நின்றால் ஸ்பிரிங் மூடிவிடும். அன்றைக்கு ஏ போர்ட்டில் (காற்று நுழைகிற ஓட்டை) காற்று போனதுமே, ஸ்பிரிங் பக்கத்து ஓட்டையான பி போர்ட் வழியாக விடாமல் புஸ்ஸென்று சத்தம். பிஸ்டனைச் சுற்றிக் காற்றை அடைக்கிற ரப்பர் வளையம், ஓ-ரிங், போய்விட்டது, வேறென்ன. (ஆக்சுவேட்டருக்குக் காற்றை விட்டு நிறுத்துவது சொலினாய்டு என்கிற சின்ன மின் வால்வு. அதை ஆஃப் செய்த பிறகும் அதன் எக்ஸாஸ்ட் ஓட்டையில், அதாவது காற்று வெளியேறுகிற ஓட்டையில், சத்தம் நிற்கவில்லை என்றால் ஓ-ரிங்கைத் தொடாதீர்கள், சொலினாய்டைப் பாருங்கள்.)

சீல் கிட் வாங்க மாடல் நம்பர் வேண்டும். 2011-இல் வந்த 'தானே' புயலுக்கு முன்னால் மாட்டியது, நேம்பிளேட்டை உப்புக் காற்று எப்போதோ தின்றுவிட்டது. ஸ்டோர்ஸில் கேட்டால் நம்பர் இல்லாமல் இண்டென்ட் (பொருள் கேட்கிற சீட்டு) வாங்க மாட்டேன் என்கிறார், அதோடு பழைய சீலைக் கொண்டுவந்து கொடுத்தால்தான் புதுசாம். பழைய சீல் உள்ளே இருக்கிறது, பிரித்தால்தானே வரும் சார் என்றேன், அதெல்லாம் அவருக்குத் தேவையில்லை. சரி, நாமே வாங்கி பில் போட்டுக்கொள்வோம் என்று பைக்கை எடுத்துக்கொண்டு பாண்டிக்குக் கிளம்பினேன். முப்பது கிலோமீட்டர் போல, அரியாங்குப்பத்தில் நெரிசல், உச்சி வெயில். "சின்னதும் இல்லை, பெரியதும் இல்லை, நடுவாந்திர சைஸ்" என்று கையால் காட்டினேன், கடைக்காரரும் நம்பிக்கையோடு ஒரு கிட்டை எடுத்துக் கொடுத்தார். வந்து பிரித்து வெர்னியர் வைத்து அளந்தால் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 92 மி.மீ., கிட் கவரில் 83 என்று போட்டிருக்கிறது. "இழுத்து மாட்டினால் உட்காரும்ணே" என்றான் ஹெல்பர் தம்பி. உட்காரும், ஆனால் இழுத்த ரிங் மெலிந்துவிடும், பத்து நாளில் மறுபடி புஸ். மறுநாள் திரும்ப பாண்டி. பிரித்து அளந்து, பழைய ஓ-ரிங்கைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள், அவ்வளவுதான்.

பிரிக்கும்போது ஒரு எச்சரிக்கை. எண்ட் கவர் (முனை மூடி) போல்ட்டை ஒன்றை முழுசாகக் கழற்றிவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள், உள்ளே ஸ்பிரிங் அழுத்திக்கொண்டு நிற்கிறது. எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். வால்வு பாதியில் சிக்கி நிற்கும்போது ஆக்சுவேட்டரை வால்விலிருந்து கழற்றுவது இன்னும் மோசம், தேங்கியிருக்கிற ஸ்பிரிங் விசை கையைத் திருகிவிடும்.

உள்ளே ஸ்பிரிங் பக்கம் துரு கலந்த தண்ணீர். ஒவ்வொரு தடவை மூடும்போதும் பி போர்ட் வழியாக வெளிக்காற்றை உறிஞ்சுகிறது, கடலோரத்தில் வெளிக்காற்று என்றால் உப்புதான். துடைத்து, கிரீஸ் போட்டு, புது ஓ-ரிங் மாட்டி, இரண்டு பிஸ்டனையும் இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே அளவாகத் தள்ளி, பாடி விளிம்பிலிருந்து பிஸ்டன் முகம் வரை வெர்னியரில் பார்த்து, இரண்டு பக்கமும் சமம் என்று பெருமையாக மூடினேன். காற்று கொடுத்தால் மேலே இருக்கிற இண்டிகேட்டர் கடிகார முள் மாதிரி வலப்பக்கம் சுற்றுகிறது. இடப்பக்கம் அல்லவா சுற்ற வேண்டும்! பிஸ்டன் இரண்டையும் தலைகீழாகப் போட்டிருக்கிறேன். ரேக் பினியனின் எந்தப் பக்கம் கடிக்கிறதோ அதை வைத்துத்தான் சுற்றும் திசை, இது எனக்குத் தெரியாததா? பிரிக்கும்போது ஒரு போட்டோ எடுத்திருந்தால் முடிந்தது. இரண்டாவது தடவை பிரித்தேன்.

வொர்க்ஷாப்பில் ஐந்தரை பார் காற்றழுத்தம் வைத்துப் பார்த்தோம், சோப்புத் தண்ணீரில் ஒரு குமிழி இல்லை, மூட இரண்டு செகண்ட். லைனில் கொண்டுபோய் மாட்டி, கழற்றிய அன்றைக்கே அங்கே கேபிளோடு தொங்கவிட்டு வந்த சொலினாய்டை அதன்மேல் பூட்டினோம். திற என்றால் திறந்தது. மூடு என்றால் அசையவே இல்லை. கண்ட்ரோல் ரூமிலிருந்து "ஓப்பன்தான் காட்டுது" என்று வாக்கி டாக்கியில் ஒரே கத்தல். ஸ்பிரிங் உடைந்திருக்கும் என்று முடிவுகட்டி மூன்றாவது தடவையும் பிரித்தேன். பன்னிரண்டு ஸ்பிரிங்கும் கல்லு மாதிரி இருக்கிறது. திரும்ப மாட்டினால் அதே கதை.

தம்பிதான் சும்மா இருக்க மாட்டாமல், சொலினாய்டைப் பூட்டியிருந்த ஸ்க்ரூ இரண்டையும் அரைச் சுற்று தளர்த்தினான். பட்டென்று வால்வு மூடியது! அப்புறம்தான் உறைத்தது. ஸ்பிரிங் ஒழுங்காகத்தான் தள்ளுகிறது, காற்றுக்குத்தான் வெளியே போக வழியில்லை. திறக்கும்போது எக்ஸாஸ்டுக்கு வேலையில்லை, அதனால் அதில் கோளாறு தெரியவில்லை. சொலினாய்டைக் கழற்றிக் கவிழ்த்தால் எக்ஸாஸ்ட் ஓட்டை சிமெண்ட் பூசியது மாதிரி வழவழவென்று மூடியிருக்கிறது. குளவி. அந்த ஓட்டையில் சத்தம் குறைக்க மாட்டியிருந்த சைலன்சர் எப்போதோ உடைந்து விழுந்திருக்கிறது, நான் ஓட்டைக்கு ஒரு துண்டு டேப்கூட ஒட்டாமல் நாலு நாள் தொங்கவிட்டிருக்கிறேன், அது வந்து நிதானமாகக் கூடு கட்டிவிட்டது. கம்பியால் நோண்டினால் மண்ணோடு இரண்டு சிலந்தியும் வந்தது, குஞ்சுக்குச் சாப்பாடாம்.

ஊதிச் சுத்தம் செய்து மாட்டியதும் இரண்டு செகண்டில் மூடியது. அதற்குப் பிறகு எந்த வால்வு மூட மறுத்தாலும் நான் முதலில் எடுப்பது அலன் கீ அல்ல, எக்ஸாஸ்டைப் பார்க்க டார்ச்.

புது சைலன்சருக்கு ஸ்டோர்ஸுக்குப் போனேன். பழசு எங்கே என்றார். குளவிக் கூட்டைப் பேப்பரில் மடித்துக் கொண்டுபோயிருந்தேன், மேசைமேல் வைத்தேன். பிரித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் கையெழுத்துப் போட்டார்.