லைப்ரரி புக்ல கத்துக்கிட்ட மேஜிக்

லைப்ரரில மேஜிக் புக் தேடுறவங்க 793.8 நம்பர் போட்ட ஷெல்ஃபுக்கு போங்க, புக்க விஷயவாரியா நம்பர் போட்டு பிரிக்கிற டூயி முறைல அடுக்கியிருந்தா மேஜிக்குக்கான நம்பர் அதுதான். நானும் அங்கதான் ஆரம்பிச்சேன்.

வீடியோல பாத்தா செய்யறவரோட வேகத்த அப்படியே காப்பியடிக்கத் தோணும், ஆனா புக்ல ஒவ்வொரு வரியா படிச்சு, கைல செஞ்சு பாத்து, புரியலன்னா திரும்ப படிச்சு, இப்படியே போறதால நம்ம கைக்கு ஏத்த வேகம் தானா வந்துடுது.

முதல்ல காசு மறைக்கிறது. இடது கை விரல் நுனில காசு, வலது கை அத எடுக்கற மாதிரி வந்து மூடும்போது காசு இடது உள்ளங்கைலயே விழுந்துடும். கை வேலை இவ்ளோதாங்க. கஷ்டம் கண்ணுலதான், காசு நிஜமாவே வலது கைல இருக்குன்னு நாம நம்பி அந்தக் கையவே பாக்கணும், அப்பதான் எதிர்ல இருக்கறவங்களும் அங்க பாப்பாங்க. எனக்கு இது வர்றதுக்கு மூணு வாரம் ஆச்சு, கண்ணாடி முன்னாடி நின்னு தினமும் பழகினேன்.

(1584லயே ரெஜினால்ட் ஸ்காட், இதெல்லாம் சூனியம் இல்ல கைவித்தைன்னு இங்கிலீஷ்ல விளக்கி புத்தகமா போட்டுட்டார், நெனச்சா சிலிர்க்குது.)

இப்போ ஃபாரோ ஷஃபிள்னு சீட்டுக்கட்ட கலக்குற ஒரு முறைய பழகுறேன். 52 சீட்ட சரிபாதியா பிரிச்சு, மேல் சீட்டும் அடி சீட்டும் மாறாம, ஒண்ணுவிட்டு ஒண்ணா சொருகணும், தப்பில்லாம 8 தடவ செஞ்சா பழைய வரிசையே திரும்ப வந்துடும். எனக்கு 3 வரைக்கும் வந்திருக்கு.