அமெரிக்கச் சமவெளிக் குறிப்புகள்: காற்று, கவுண்டி, கயிற்று உருண்டை

ஜூன் 11
டயர் காற்றைக் காலையில், வண்டி எடுக்குமுன் பார்க்க வேண்டும். அளவு ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருப்பது உச்ச வரம்பு, அதுவரை அடிக்கக் கூடாது. மதியச் சூட்டில் காற்றழுத்தம் 4, 5 பிஎஸ்ஐ கூடக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கினால் மறுநாள் காலையில் டயர் தொய்ந்திருக்கும்.

ஜூன் 12, காக்கர் சிட்டி, கான்சாஸ்
ஊரின் நட்சத்திரம் ஒரு கயிற்று உருண்டை. வைக்கோல் கட்டு அவிழ்த்து மிஞ்சும் சைசல் (கற்றாழை இன நார்) கயிற்றை 1953இல் சுற்றத் தொடங்கியவர் ஃப்ராங்க் ஸ்டோபர் என்ற விவசாயி. 1961இல் ஊருக்கே கொடுத்துவிட்டார். ஆகஸ்டில் அதற்கென்று விழா. வந்தவர்கள் எல்லாரும் கொஞ்சம் சுற்றலாம். மினசோட்டாவின் டார்வினில் ஒருவரே தனியாகச் சுற்றிய உருண்டை இருக்கிறது. எது பெரியது என்ற வழக்கு தீராது, தீரவும் வேண்டாம்.

அன்றிரவு
காற்று நிற்கவே இல்லை.

ஜூன் 13, லெபனான், கான்சாஸ்
அமெரிக்காவில் ஒட்டிக் கிடக்கும் 48 மாநிலங்களின் நடுப்புள்ளி. 1918இல் நாட்டின் வரைபடத்தை அட்டையில் வெட்டி, ஒரு முனையில் நிறுத்திச் சாயாத இடம் பார்த்திருக்கிறார்கள். அந்த இடம் ஒரு பன்றிப் பண்ணைக்குள் போய்விட்டதால் நினைவுக் கல் சற்றுத் தள்ளி நிற்கிறது. 10 நிமிடம் போதும்.

ஜூன் 14, நார்த் பிளாட், நெப்ராஸ்கா
எல்லாரும் வைல்ட் வெஸ்ட் காட்சி நடத்திய பஃபலோ பில் வீட்டுக்குப் போகிறார்கள். சரக்கு ரயில்களைப் பிரித்துச் சேர்க்கும் பெய்லி யார்டுக்குப் போங்கள்: 8 மைல் நீளத் தண்டவாளக் காடு. சரக்குப் பெட்டியை மேட்டில் தள்ளி விடுவித்தால் தானாக உருண்டு இறங்கும்; கீழே தண்டவாளத்தை ஒட்டிய இரும்புப் பட்டைகள் சக்கரத்தைக் கவ்வி வேகத்தைத் தணிக்கும். அங்கே பார்வையாளர் கோபுரத்தின் மேல்தளத்திலிருந்து பார்த்தால் நேரம் போவதே தெரியாது.

ஜூன் 15
சூறாவளி (டொர்னேடோ) எச்சரிக்கை வானொலியில் கவுண்டி (நம் மாவட்டம் போன்ற பிரிவு) பெயர் சொல்லித்தான் வரும். ஊர் பெயர் மட்டும் தெரிந்து பிரயோசனமில்லை. இன்றைய வழிக்கு எழுதி டேஷ்போர்டில் ஒட்டியது: லிங்கன், லோகன், தாமஸ், ஹுக்கர், கிராண்ட், ஷெரிடன், பாக்ஸ் பியூட். ஹுக்கரில் நுழைந்ததும் கடிகாரம் 1 மணி பின்னால் போகும். எச்சரிக்கை எந்த நேரக் கணக்கில் என்றும் கவனிக்க வேண்டும்.

மேம்பாலத்தடியில் ஒதுங்குவதுபோல் மடத்தனம் வேறில்லை. குறுகிய இடத்தில் காற்று இன்னும் வேகம் பிடிக்கும், தூசி தும்பெல்லாம் அங்கேதான் பாயும், பின்னால் வருபவர்களுக்கும் சாலை அடைபடும். ஆலங்கட்டி என்றால் பெட்ரோல் பங்க் கூரை. அதுவும் கிடைக்காவிட்டால் ஓரங்கட்டி, வண்டியின் முகத்தை ஆலங்கட்டி வரும் திசைக்குத் திருப்புங்கள்: முன்கண்ணாடி நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்த இரட்டை அடுக்கு, விரிசல் விட்டாலும் தாங்கும். பக்கக் கண்ணாடி பொடிப்பொடியாகிவிடும்.

இன்னொன்று. சாலையோரம் உலர்ந்த புல்மேல் நிறுத்த வேண்டாம். அடியில் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் கொதிக்கிறது, புல் பற்றிக்கொள்ளும்.

ஜூன் 16, அலையன்ஸ், நெப்ராஸ்கா
கார்ஹெஞ்ச்: இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டத்தைக் கார்களால் செய்த நகல். 1987இல் ஜிம் ரைண்டர்ஸ் தன் அப்பா நினைவாக நட்ட 39 பழைய கார்கள், எல்லாம் சாம்பல் நிறம். நிற்பவற்றில் சில டிக்கிப் பக்கமாக 5 அடிக் குழியில் இறங்கியிருக்கின்றன, மேலே கிடப்பவை வெல்டிங். முதலில் இடிக்கச் சொன்ன ஊர் இன்று அதைக் காட்டித்தான் ஆள் சேர்க்கிறது. வெளிநாட்டுக் கார்களைப் பிடுங்கிப் புதைத்துக் கல்லறையும் வைத்திருக்கிறார்கள்!

ஜூன் 17, வால், தெற்கு டகோட்டா
ஹஸ்டெட் தம்பதி 1931இல் வாங்கிய மருந்துக்கடை. 1936இல் ஐஸ் தண்ணீர் இலவசம் என்று சாலையோரம் பலகை வைத்தார்கள். கூட்டம் இன்னும் குறையவில்லை. காபி 5 சென்ட். பெட்ரோல் போடும்போது கவனம்: இந்தப் பக்கம் மலிவாக இருப்பது 85 ஆக்டேன் (எஞ்சினில் முன்கூட்டியே வெடிக்காமல் தாங்கும் அளவு). உயரமான இடங்களில் பழைய கார்புரேட்டர் வண்டிகளுக்கு அது போதும் என்ற காலத்து வழக்கம். கார் கையேடு 87 கேட்டால் 87தான்.

ஜூன் 18
மர்டோ வருமுன், ஹுக்கரில் கிடைத்த அந்த 1 மணி திரும்பப் பறிபோனது.

ஜூன் 19, மிட்செல், தெற்கு டகோட்டா
சோள மாளிகை, மக்காச்சோளக் கதிர்களால் வெளிச்சுவரில் சித்திரம் அமைக்கும் கட்டடம். ஜூனில் பார்ப்பவர்களுக்கு அரைகுறைதான். ரை என்ற தானியத்தின் கதிர்களையும் டாக் என்ற களைச் செடியையும்தான் முதலில் மாற்றுவார்கள். சோளச் சித்திரம் கோடைக் கடைசியில் தொடங்கி அக்டோபர் வாக்கில் முடியும். கருப்புத் தார்க்காகிதத்தில் கோடு போட்டு, கட்டத்துக்கு என்ன நிறம் என்று குறித்து, சோளக் கதிரை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து ஆணி அடிப்பது. சாயம் கிடையாது, எல்லாம் விளைந்த நிறம்.

டேவிசன் கவுண்டி. மாலை 4க்கு மேல் ஆலங்கட்டி என்கிறார்கள்.