வரைபடத்தில் நிறம் மாறிய தொழிற்பேட்டை

கிழக்கு லண்டனில் ஒரு கவுன்சிலின் திட்டமிடல் பிரிவில் பதினான்கு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். வருகிற விண்ணப்பங்களைப் பார்த்து அனுமதி கொடுப்பதோ மறுப்பதோ என் பகுதியின் வேலை அல்ல. அந்த விண்ணப்பம் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்னதாகவே, எந்தக் காணியில் என்ன வரலாம், எது வரக்கூடாது என்று எழுதி வைக்கும் கொள்கைப் பகுதி எங்களுடையது. நாங்கள் எழுதும் அந்த ஆவணத்துக்கு லோக்கல் பிளான் என்று பெயர். நூற்றுக்கணக்கான பக்கங்களும் ஒரு பெரிய வண்ண வரைபடமும் கொண்ட அதை, அது யாருடைய வாழ்க்கையை மாற்றப்போகிறதோ அவர்களில் மிகச் சிலரே திறந்து பார்க்கிறார்கள்.

இங்கிலாந்தில் நிலம் யாருக்குச் சொந்தமாக இருந்தாலும், அதில் புதிதாகக் கட்டுவதற்கும் அதன் பயன்பாட்டைப் பெரிதாக மாற்றுவதற்கும் அனுமதி பெற்றாக வேண்டும் என்ற ஏற்பாடு 1947ஆம் ஆண்டின் நகர, நாட்டுப்புறத் திட்டமிடல் சட்டத்தோடு வந்தது. அனுமதி கொடுக்கும் அதிகாரம் உள்ளாட்சி மன்றங்களின் கையில் இருந்தாலும், அவை நினைத்தபடி முடிவெடுக்க இயலாது. வேறு தகுந்த காரணங்கள் இல்லாத வரை, நடைமுறையில் உள்ள திட்ட ஆவணத்தை ஒட்டியே முடிவு இருக்க வேண்டும் என்று 2004ஆம் ஆண்டுச் சட்டத்தின் 38(6)ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே லோக்கல் பிளானில் ஓரிடம் வீடுகளுக்கு ஒதுக்கப்பட்டுவிட்டால், பிறகு அங்கே வீடு வரலாமா என்ற கேள்விக்கு இடமில்லை. எத்தனை மாடி, எத்தனை வீடு, எந்தப் பக்கம் வாசல் என்பவைதான் மிஞ்சும். தெருவிளக்குக் கம்பத்தில் கட்டிய அறிவித்தலைப் பார்த்துவிட்டு மக்கள் பதறிக்கொண்டு கூட்டத்துக்கு வருவது பெரும்பாலும் அந்தக் கட்டத்தில்தான். அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு பின்வரிசையில் பலமுறை அமர்ந்திருக்கிறேன். அவர்களுடைய கேள்விக்கு நான்கைந்து ஆண்டுகள் முன்பே விடை எழுதப்பட்டுவிட்டது என்பதும், அதை எழுதியவர்களில் நானும் ஒருவன் என்பதும் அப்போது நெஞ்சில் கனக்கும்.

நான் எழுதியவற்றில் ஒன்றைப் பற்றித்தான் இங்கே சொல்ல வேண்டும். 2016ஆம் ஆண்டின் தொடக்கத்தில், புதிய திட்டத்துக்கான சான்றுகளைத் திரட்டுவதற்காக எங்கள் எல்லைக்குள் இருந்த சிறிய தொழிற்பேட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவந்தோம். ரயில் பாதையை ஒட்டிய ஒரு பேட்டை என் பங்குக்கு வந்தது. கையில் ஒரு படிவம். கட்டடத்தின் நிலை, லாரி திரும்ப இடம், சுற்றியுள்ள வீடுகளுக்கு இடைஞ்சல், காலியாக உள்ள யூனிட்டுகள் என்று கட்டங்கள் போட்டு, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் இட வேண்டும். கூரை பழைய அஸ்பெஸ்டாஸ் தகடு. முற்றத்தில் பெரிய லாரி திரும்ப வழியில்லை. இரண்டுக்கும் குறைந்த மதிப்பெண் போட்டேன். காலியான யூனிட் ஒன்றுகூட இல்லை என்பதற்கு மட்டும் முழு மதிப்பெண் கிடைத்தது. எல்லாவற்றையும் கூட்டியபோது அந்தப் பேட்டை பட்டியலின் கடைசிப் பகுதிக்குப் போய்விட்டது. கட்டடம் பழையதாகவும் வசதி குறைந்ததாகவும் இருந்ததனால்தான் வாடகை குறைவாக இருந்தது, வாடகை குறைவாக இருந்ததனால்தான் ஒரு யூனிட்கூடக் காலியாக இல்லை என்பதை அந்தப் படிவத்தில் எழுத இடமில்லை. எனக்கும் அன்று அது தோன்றவில்லை.

அந்த வரிசையில் கார் திருத்தும் இரண்டு கராஜ்கள், ஒரு தையல் பட்டறை, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கதவு திறக்கும் ஒரு சிறிய தேவாலயம், கடைசியில் முறுக்கும் மிக்சரும் போட்டுக் கடைகளுக்கு அனுப்பும் ஒரு சமையல்கூடம். அதை நடத்தியவர் யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிட இருபது வயது மூத்தவர். விடியற்காலை நான்கு மணிக்கு அடுப்பு மூட்டுவார்கள் என்று சொன்னார். மூன்று பெரிய எண்ணெய்ச் சட்டிகளுக்கு மேலே தகரக் கூண்டு ஒன்று கவிழ்த்தாற்போல் இருந்தது. அதிலிருந்து ஒரு தடித்த குழாய் சுவரைத் துளைத்து வெளியேறிக் கூரைக்கு மேலே போயிற்று. அந்தக் குழாய்க்குத்தான் அடுப்பைவிட அதிகச் செலவு ஆனது என்றார். நான் படிவத்தை நிரப்புவதைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, “தம்பி, இதுக்கு என்ன நடக்கப்போகுது?” என்று கேட்டார். “இப்ப ஒண்டும் இல்லை அண்ணை, தகவல்தான் எடுக்கிறம்” என்றேன். அது பொய் அல்ல. ஆனால் முழு உண்மையும் அல்ல என்பது எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு கவுன்சில் தொழில் நிலத்தை ஏன் விட்டுக்கொடுக்கிறது என்று வெளியிலிருந்து கேட்பது எளிது. உள்ளே இருப்பவருக்கு முதலில் கண்ணில் படுவது வீட்டு இலக்கு. எடுத்துக்காட்டாக, 2021 மார்ச்சில் லண்டன் மேயர் வெளியிட்ட லண்டன் பிளான் நகரம் முழுவதற்கும் ஆண்டுக்கு 52,287 வீடுகள் என்று இலக்கு வைத்து, அதை ஒவ்வொரு கவுன்சிலுக்கும் பிரித்துக் கொடுத்தது. இலக்கை எட்டத் தேவையான நிலம் கையில் இருப்பதாகக் காட்ட முடியாத கவுன்சிலின் கொள்கைகள் வலுவிழக்கின்றன. கட்டுமான நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போனால், அரசின் ஆய்வாளர் வீட்டின் பக்கமே சாய்வதற்கு வாய்ப்பு அதிகம். பூங்காவைத் தொட முடியாது, பள்ளிக்கூடத்தைத் தொட முடியாது, ஆள் குடியிருக்கும் தெருவையும் தொட முடியாது. மிஞ்சுவது வாகன நிறுத்துமிடங்களும் பழைய தொழிற்பேட்டைகளும்தான். அத்தோடு எங்கள் கவுன்சிலில் வீட்டுக்காகக் காத்திருப்போரின் பட்டியலையும் நான் அறிவேன். ஒரே அறையில் மூன்று பிள்ளைகளோடு தற்காலிகத் தங்குமிடத்தில் ஆண்டுக்கணக்கில் இருக்கும் குடும்பங்கள் அதில் இருக்கின்றன. அந்த நிலத்தில் வீடு வர வேண்டும் என்று எழுதியபோது நான் தவறான ஒன்றைச் செய்வதாக நினைக்கவில்லை. இன்றும் வீடு கட்டியது தவறு என்று நினைக்கவில்லை.

வரைபடத்தில் அந்தப் பேட்டையின் நிறம் ஊதாவிலிருந்து கருஞ்சிவப்புக்கு மாறியது. தொழில் நிலம் என்பது போய், வீடுகளும் தொழிலும் கலந்த பயன்பாடு என்று ஆயிற்று. இடிக்கப்படும் தொழிற்கூடங்களின் பரப்பளவுக்கு ஈடான பரப்பளவு புதிய கட்டடத்தின் தரைத்தளத்தில் திரும்ப வழங்கப்பட்டே ஆக வேண்டும் என்றும் ஒரு வாக்கியம் சேர்த்தேன். அதை எழுதி முடித்தபோது அந்த யூனிட்டுகளில் இருந்தவர்களுக்கு நியாயம் செய்துவிட்டதாக நம்பினேன்.

திட்டம் நடைமுறைக்கு வருமுன் மத்திய அரசு நியமிக்கும் ஆய்வாளர் ஒருவர் அதைப் பரிசோதிப்பார். அந்த விசாரணை நீதிமன்றம் போல் இருக்காது. நீண்ட மேசையைச் சுற்றி எல்லோரும் அமர்ந்திருப்பார்கள். பேச விரும்புகிறவர் தமக்கு முன்னால் உள்ள பெயர்ப்பலகையை நிமிர்த்தி வைக்க வேண்டும். எங்கள் பேட்டை விவாதத்துக்கு வந்த அன்று நிலவுரிமையாளரின் தரப்பிலிருந்து மூன்று பலகைகள் நிமிர்ந்தன. முழுப் பரப்பளவையும் திரும்பக் கொடுத்தால் திட்டம் இலாபகரமாக இருக்காது, ஆகவே வீடுகளே வராமல் போகும் என்று அவர்கள் கணக்கோடு வாதிட்டார்கள். மொத்த விற்பனை மதிப்பில் 15 முதல் 20 விழுக்காடு வரை கட்டுமான நிறுவனத்துக்கு இலாபம் கிடைப்பதை நியாயமாகக் கொள்ளலாம் என்று அரசின் வழிகாட்டலே சொல்வதால், அந்தக் கணக்கை எதிர்ப்பது எளிதல்ல. வாடகைக்கு இருந்தவர்களில் ஒருவரும் அந்த மேசையில் இல்லை. கருத்துத் தெரிவிக்க ஆறு வாரம் கொடுத்திருந்தோம். நூலகத்தில் பிரதி வைத்தோம், இணையத்தில் போட்டோம், நிலவுரிமையாளர்களுக்குக் கடிதம் அனுப்பினோம். யூனிட்டுகளின் கதவைத் தட்டவில்லை. “வழங்கப்பட்டே ஆக வேண்டும்” என்ற என் சொற்கள் இறுதித் திருத்தத்தில் “இயன்றவரை வழங்கப்பட வேண்டும்” என்று மாறின.

மக்கள் சரியான நேரத்தில் விழித்துக்கொண்டால் வேறு முடிவும் வரும் என்பதற்கு எங்கள் பக்கத்திலேயே சான்று உண்டு. அப்டன் பார்க் நிலையத்துக்கு அருகிலுள்ள குயின்ஸ் மார்க்கெட்டில் 31 மாடிக் கோபுரத்தோடு ஒரு மறுகட்டுமானம் முன்வைக்கப்பட்டபோது, வியாபாரிகளும் வாடிக்கையாளர்களும் ஆண்டுக்கணக்கில் அமைப்பாக நின்று எதிர்த்தார்கள். 2009இல் அன்றைய லண்டன் மேயர் அதை நிராகரிக்கும்படி பணித்தார். வடக்கே செவன் சிஸ்டர்ஸில் லத்தீன் அமெரிக்கர்களின் சந்தையைக் காக்கும் போராட்டம் இன்னும் நீண்டது. 2021இல் கட்டுமான நிறுவனமே விலகிக்கொண்டது. ஆனால் சந்தைக்கு வாடிக்கையாளர் கூட்டம் இருக்கிறது, நின்று கையெழுத்து வாங்க ஒரு வாசல் இருக்கிறது. ரயில் பாதையோரம் நான்கு மணிக்கு எண்ணெய் காய வைக்கிறவரை ஊரில் யாருக்குத் தெரியும்?

விண்ணப்பம் வந்தது, அனுமதியும் கிடைத்தது. அண்ணையின் குத்தகை, புதுப்பிக்கும் உரிமையை விட்டுக்கொடுத்து எழுதப்பட்ட குறுகிய காலக் குத்தகை. 1954ஆம் ஆண்டுக் குத்தகைச் சட்டம் வணிகக் குத்தகைக்காரருக்குத் தரும் பாதுகாப்பிலிருந்து இப்படி எழுத்தில் விலகிக்கொள்ள வழி உண்டு, குறைந்த வாடகைக்கு இடம் தேடுகிறவர் பெரும்பாலும் அதில் கையெழுத்திட்டுவிடுகிறார். ஆறு மாத அவகாசத்தில் அவர் வெளியேறினார். அந்தக் குழாய்க்கு இழப்பீடு இல்லை. எசெக்ஸ் பக்கம் ஓரிடத்தில் மறுபடி தொடங்கினார் என்றும், வேலை செய்த பெண்களில் பாதிப் பேருக்கு அவ்வளவு தூரம் போய்வர முடியவில்லை என்றும் பின்னர் ஒரு திருமண வீட்டில் சந்தித்தபோது சொன்னார். “நீங்கள் எழுதிப்போட்டுத்தானே தம்பி வந்து கேட்டனீங்கள்” என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. எனக்கு அதற்குப் பதில் வரவில்லை.

கட்டடம் முடிந்தபின் 2024இல் அங்கே போனேன். மேல்மாடிகளில் ஆட்கள் குடியேறியிருந்தார்கள். ஒரு பால்கனியில் குழந்தையின் மூன்று சக்கர வண்டி நின்றது. கண்ணுக்கு நிறைவாக இருந்தது. தரைத்தளத்துத் தொழில் யூனிட்டுகள் மூன்றின் கண்ணாடியிலும் வெள்ளைச் சுண்ணம் பூசி, வாடகைக்கு என்று ஒட்டியிருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தேன். உயரமான கூரை, நல்ல வெளிச்சம், திட்டத்தில் கேட்ட பரப்பளவில் பெரும்பகுதி. ஆனால் புகை மேலே போக வழியில்லை. பத்து மாடி வீடுகளைத் துளைத்துக்கொண்டு கூரைவரை போகும் குழாய்க்கான பாதையைக் கட்டும்போதே விட்டிருக்க வேண்டும். பின்னால் வெட்டிப் போட முடியாது. சரக்கு இறக்க முற்றம் இல்லை, பூந்தொட்டிகள் இருந்தன. சமையல்கூடம், கராஜ், தச்சுப்பட்டறை எதுவும் அங்கே இயங்க முடியாது. பரப்பளவைக் கேட்டு எழுதினேனே தவிர, அந்தப் பரப்பளவுக்குள் என்ன வேலை நடந்தது என்பதை எழுதவில்லை.

இப்போது அடுத்த திட்டத்தின் வேலை நடக்கிறது. இந்த முறை படிவத்தில் மூன்று கட்டங்களைக் கூடுதலாகச் சேர்த்திருக்கிறேன்: உள்ளே நடக்கும் தொழில் என்ன, அது எந்த நேரத்தில் தொடங்குகிறது, அதற்குக் கட்டடத்தில் என்ன இருந்தாக வேண்டும். புதிதாக வரும் வீடுகளே ஏற்கெனவே இருக்கும் தொழிலின் சத்தத்துக்கு ஏற்பத் தம்மைக் காத்துக்கொள்ள வேண்டும் என்ற கொள்கை 2018 முதல் தேசிய வழிகாட்டலில் இருப்பது எங்களுக்குப் பெரிய துணை. கலப்புப் பயன்பாட்டுக்கு ஒதுக்கும் ஒவ்வோர் இடத்துக்கும் தரைத்தளத்திலிருந்து கூரைவரை புகைக்குழாய்க்கான பாதையும், வேன் நிற்கும் முற்றமும் இருந்தே ஆக வேண்டும் என்று வரைவில் எழுதியிருக்கிறேன். யூனிட்டுகளுக்கு நேரில் போய்த் தமிழிலும் வங்காளத்திலும் பேசக்கூடிய இருவரை அனுப்ப ஒப்புதல் வாங்கியிருக்கிறேன். நாளைக் காலை அவர்களோடு நானும் போகிறேன், நான்கு மணிக்கு.