ஏ.டி.ஆர். 72 டைப் ரேட்டிங்: நான் படித்த விதம்

ஏ.டி.ஆர். 72-600 என்ற இரட்டை ப்ரொப்பெல்லர் பயணிகள் விமானத்தை ஓட்டத் தகுதி தரும் டைப் ரேட்டிங் பயிற்சிக்குப் போகிற தம்பிகள் என்னிடம் முதலில் கேட்பது, "அண்ணா, மெமரி ஐட்டம்ஸ் எதிலிருந்து ஆரம்பிக்கட்டும்?" என்பதுதான். அவசர நேரத்தில் புத்தகம் பார்க்காமல் செய்ய வேண்டிய படிகள்தான் மெமரி ஐட்டம்ஸ். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் மின்சாரத்தைப் படி என்பேன். எனக்கு இந்த விமானம் பிடிபட ஆரம்பித்தது அங்கேதான்.

ஃப்ளையிங் ஸ்கூலில் 200 மணி நேரம் பறந்து லைசென்ஸ் வாங்கியதெல்லாம் சின்ன விமானத்தில். அங்கிருந்து நேராக 23 டன் எடையோடு கிளம்புகிற, எழுபதுக்கு மேல் ஆட்கள் உட்காருகிற விமானத்துக்கு வருகிறோம். கிரவுண்ட் ஸ்கூலில் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று சிஸ்டம் ஓடிவிடும். எல்லாவற்றையும் சம அக்கறையோடு படிக்க நேரம் கிடைக்காது. எதைப் பிடித்தால் மற்றது தானாக வரும் என்று தேட வேண்டியிருந்தது.

இந்த விமானத்தில் டி.சி. ஜெனரேட்டர்கள் என்ஜினின் மையப் பகுதியோடு சுற்றுகின்றன. அதிர்வெண் ஏறி இறங்கும் மின்சாரம் தருகிற, ஏ.சி. வைல்ட் எனப்படும் ஜெனரேட்டர்களோ ப்ரொப்பெல்லர் கியர்பாக்ஸோடு சுற்றுகின்றன. எண்ணெய் அழுத்தம் தரும் ஹைட்ராலிக் பம்புகள் இரண்டும் ஓடுவது இந்த வைல்ட் மின்சாரத்தில்தான். அதாவது ப்ரொப்பெல்லர் போதிய வேகத்தில் சுற்றினால் வைல்ட் மின்சாரம் உண்டு. அது இருந்தால் புளூ, கிரீன் என்ற இரண்டு ஹைட்ராலிக் அமைப்பும் உண்டு. புளூ போனால் இறக்கையின் பின்விளிம்பில் இறங்கும் ஃப்ளாப், அதன் மேலே எழும் ஸ்பாய்லர், முன்சக்கர ஸ்டியரிங் எல்லாம் போகும். கிரீன் போனால் லேண்டிங் கியர், சாதாரண பிரேக். இந்தச் சங்கிலியைப் புத்தகத்தைப் பார்க்காமல் ஒரு பெரிய தாளில் தினமும் வரைந்து பார்ப்பேன். வரைந்து முடித்ததும் ஒரு ஜெனரேட்டரைப் பென்சிலால் அடித்துவிட்டு, இப்போது எது எது செத்தது, எது வேறு வழியில் பிழைத்தது என்று விரலால் தொடர்ந்து போவேன். மனப்பாடம் செய்த எதுவும் எனக்கு இந்த அளவுக்கு நிற்கவில்லை.

அது சரியாகப் புரிந்ததா என்று பார்க்க ஹோட்டல் மோடைவிட நல்ல கேள்வி கிடையாது. ஏ.டி.ஆரில், தரையில் மின்சாரமும் காற்றும் தரும் ஏ.பி.யு. என்ற துணை என்ஜின் கிடையாது. தரையில் நிற்கும்போது வலது என்ஜினை ஓடவிட்டு, அதன் ப்ரொப்பெல்லரை மட்டும் பிரேக் போட்டு நிறுத்திவைக்கிறார்கள். இதுதான் ஹோட்டல் மோட். அப்போது என்னென்ன கிடைக்கும்? என்ஜினின் மையம் சுற்றுகிறது, எனவே டி.சி. உண்டு, என்ஜினிலிருந்து எடுக்கும் ப்ளீட் காற்று உண்டு, அதனால் கேபினுக்குக் குளிர்ச்சியும் உண்டு. ப்ரொப்பெல்லர் நிற்கிறது, எனவே அந்த என்ஜினிலிருந்து வைல்ட் மின்சாரம் கிடையாது. சரி, அந்த பிரேக்கே புளூ ஹைட்ராலிக்கில்தானே வேலை செய்கிறது, பம்ப் ஓடாமல் அழுத்தம் எங்கிருந்து வரும்? அதற்குத்தான் டி.சி.யில் ஓடும் ஆக்ஸிலியரி பம்ப். இது விளங்கிய பிறகு அந்தச் செக்லிஸ்ட்டின் வரிசை தானாகவே நினைவுக்கு வந்தது.

புரொசீஜர் பழகியது விடுதி அறைச் சுவரில். காக்பிட் போஸ்டரை ஒட்டி, அதன் முன்னால் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, என் சிமுலேட்டர் ஜோடியும் நானும் உட்காருவோம். ஒவ்வொரு கட்டத்திலும் அறிவிக்கிற கால்அவுட்டைச் சத்தமாகச் சொல்ல வேண்டும், முணுமுணுக்கக் கூடாது என்பது எங்கள் ஒப்பந்தம். அதிகம் ஓட்டிப்பார்த்தது டேக்ஆஃபில் ஒரு என்ஜின் அணைந்துபோகும் நிலைமை. ஒரு பக்கம் டார்க், அதாவது ப்ரொப்பெல்லரைச் சுற்றும் முறுக்குவிசை, விழுந்ததும் நல்ல என்ஜின் தானாகவே 2,475 குதிரைத்திறனிலிருந்து 2,750க்கு ஏறும், 2.15 விநாடியில் செத்த பக்க ப்ரொப்பெல்லர் தானாக ஃபெதர் ஆகும், அதாவது இழுவை குறைய பிளேடுகள் காற்றுக்கு விளிம்பைக் காட்டித் திரும்பும். இரண்டும் நடந்துவிட்டதா என்று பார்த்துச் சொல்வதும், கியரை ஏற்றுவதும், விமானத்தை நேராகப் பறக்கவிடுவதும்தான் அந்த நேரத்து வேலை. குறைந்தது 400 அடி தாண்டும்வரை கோளாறான என்ஜினின் லீவருக்குக் கை போகக் கூடாது. அதற்கப்புறமும் ஒருவர் லீவரைத் தொட்டு என்ஜினின் எண் எது என்று சொல்ல, மற்றவர் பார்த்து உறுதிசெய்த பிறகே அது நகர வேண்டும்.

ஏன் இத்தனை நிதானம் என்பதற்கு விபத்து அறிக்கைகளைப் படியுங்கள் என்று கட்டாயம் சொல்வேன். 2015 பிப்ரவரியில் தைபேயில் இதே 72-600. இரண்டாம் எண் ப்ரொப்பெல்லர் ஃபெதர் ஆனது. காக்பிட்டில் குறைத்து அணைத்ததோ நன்றாக ஓடிக்கொண்டிருந்த முதல் எண் என்ஜினை. 43 பேர் இறந்தார்கள். 2023 ஜனவரியில் நேபாளத்தின் பொக்காராவில், தரையிறங்கப் போகும் நேரத்தில் ஃப்ளாப் லீவருக்குப் பதில் பக்கத்திலிருக்கும், ப்ரொப்பெல்லரையும் எரிபொருளையும் கட்டுப்படுத்தும் கண்டிஷன் லீவர்கள் இரண்டும் ஃபெதருக்குப் போய்விட்டன. 72 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. படித்த அன்று எங்கள் இருவருக்கும் பேச்சே வரவில்லை. மறுநாளிலிருந்து ஃப்ளாப் என்று சொன்னால் கையை வைத்து, கண்ணால் பார்த்து, பெயரைச் சொல்லி, அப்புறம்தான் நகர்த்துவது. நகர்த்திய பிறகு கேஜ் மாறுகிறதா என்றும் பார்ப்பது. போஸ்டரில்கூட அப்படித்தான் செய்தோம்.

விமானத்தில் பனி படிவதைப் பற்றிய ஐசிங் பாடத்தை நம் ஊரில் சிலர் மேலோட்டமாகக் கடந்துவிடுகிறார்கள். அது எனக்கு ஒப்பாது. வெப்ப மண்டலத்தில் உறைநிலை சுமார் 16,000 அடியில் இருக்கிறது. நாம் பறப்பதும் அதையொட்டித்தான், பருவமழை மேகங்களுக்கு உள்ளேதான். மேகம் போன்ற ஈரம் கண்ணுக்குத் தெரிந்து, டி.ஏ.டி. எனப்படும், விமானம் அளக்கும் காற்று வெப்பநிலை 7 டிகிரியோ அதற்குக் கீழோ என்றால் ஆன்டி ஐசிங் போட்டாக வேண்டும். பனி படிய ஆரம்பித்தால், இறக்கையின் முன்விளிம்பில் ஊதி விரிந்து பனியை உடைக்கும் ரப்பர் பூட்ஸ். 1994 அக்டோபரில் அமெரிக்காவின் ரோஸ்லானில் பூட்ஸுக்குப் பின்னால் படிந்த பனியால் ஒரு ஏ.டி.ஆர். 72 விழுந்து 68 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் பூட்ஸைப் பின்னோக்கி நீட்டினார்கள்.

தேர்வு, சிமுலேட்டர் செக் எல்லாம் ஒழுங்காகவே முடிந்தன. பயணிகளோடு பறந்து பழகும் லைன் டிரெய்னிங்கில் தூத்துக்குடிக்குப் போனபோது, அங்கே ரன்வே நீளம் அப்போது 1,350 மீட்டர் அளவுதான். சக்கரம் தொட்டதும் பவர் லீவர்களை, தரையில் மட்டும் பயன்படும் கிரவுண்ட் ஐடில் நிலைக்கு இழுத்து, பிளேடுகளின் கோணம் குறைந்துவிட்டதைக் காட்டும் லோ பிட்ச் விளக்கு இரண்டும் எரிகின்றனவா என்று பக்கத்து இருக்கையிலிருந்து சொல்ல வேண்டும். ஒன்று மட்டும் எரிந்தால், எவ்வளவு குட்டை ரன்வேயானாலும் ப்ரொப்பெல்லரால் பின்னோக்கி இழுக்கும் ரிவர்ஸ் கிடையாது. ஒரு பக்கப் பிளேடுகள் திரும்பாமல் இருக்க, மறுபக்கம் மட்டும் பின்னுக்கு இழுத்தால் விமானம் ரன்வேயைவிட்டுத் திரும்பிவிடும். கேப்டன் அன்று இதைக் கேட்டபோது பிளேடின் கோணத்திலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன். "சரி, அடுத்த லேண்டிங் நீங்க பண்ணுங்க" என்றார்.