சோற்று உருண்டையின் முதுகில்

நேற்று ராத்திரி பத்து மணிக்கு, ஒரே ஒரு எபிசோடு என்று உட்கார்ந்தேன். எழுந்தபோது மணி இரண்டு. எல்லாம் ‘ஃப்ரூட்ஸ் பாஸ்கெட்’ என்ற அனிமே, அதாவது ஜப்பானியக் கார்ட்டூன் தொடர், செய்த வேலை.

இதன் மூலம் நட்சுகி தகாயா 1998 முதல் 2006 வரை வரைந்த மங்கா (ஜப்பானியக் காமிக்ஸ்), மொத்தம் 23 தொகுதிகள். சோமா குடும்பத்தில் சிலரை எதிர்பாலினத்தவர் கட்டிப்பிடித்தால் சீன ராசிக் கதையின் விலங்காக மாறிவிடுவார்கள். அந்தக் கதையில் எலியிடம் ஏமாந்து கடவுளின் விருந்தைத் தவறவிட்ட பூனைக்கு மட்டும் பன்னிரண்டு ராசி விலங்குகளில் இடமில்லை. காமெடி என்றுதான் நானும் நினைத்தேன்.

அப்புறம் வந்தது அந்த ஓனிகிரி (ஜப்பானியச் சோற்று உருண்டை) காட்சி. பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பழப்பெயர் வைத்து, அதைச் சொல்லிக் கூப்பிடும் ‘பழக்கூடை’ விளையாட்டு. கதாநாயகி தோருவுக்குச் சின்ன வயதில் கிடைத்தது ‘சோற்று உருண்டை’. பழக்கூடையில் சோற்று உருண்டையை யார் கூப்பிடப் போகிறார்கள்? அது தெரியாமல் குழந்தை காத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறது. வளர்ந்த பிறகு பூனையாக மாறும் பையன் க்யோவிடம் அவளே சொல்கிறாள்: ஒருவரின் நல்ல குணம் உருண்டையின் முதுகில் ஒட்டிய உமெபோஷி (ஜப்பானியப் பழ ஊறுகாய்) மாதிரியாம். அடுத்தவர் முதுகில் இருப்பது தெரியும், நம்முடையது நமக்குத் தெரியாது. ஒரு ஊறுகாயை வைத்து இவ்வளவு சொல்ல முடியுமா!

2001 அனிமே 26 எபிசோடுகளோடு நின்றுவிட்டது. மங்காவே அப்போது முடியவில்லை, பாவம். 2019இல் முதலிலிருந்து மறுபடி எடுத்து, 2021இல் 63 எபிசோடுகளாக முழுசாக முடித்தார்கள். பார்ப்பதென்றால் இதையே பாருங்கள்.

காலையில் ஆபீஸில் கண் ஏன் சிவந்திருக்கிறது என்று கேட்டார்கள். தூக்கமில்லை என்றேன். பாதி உண்மைதானே.