அரைத்துப் போட்டதெல்லாம் மறுசுழற்சி இல்லையாம்

பயன்படுத்திய பொருளை வீசாமல் மறுபடி மறுபடி புழக்கத்தில் வைக்கும் வட்டப் பொருளாதாரத்துக்கு மாறுவது என்று முடிவெடுத்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. நாங்கள் செய்வது கிரேட்டுகள், அதாவது சரக்கு ஏற்றும் பெட்டிகள். பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கில் வார்ப்பவை. புதிய கிரேட்டில் 30 சதவீதம் மறுசுழற்சிப் பொருள் என்று லேபிள்கூடக் கட்டுக் கட்டாக அச்சடித்து வைத்திருந்தோம். அந்தச் சதவீதத்தைத் தணிக்கை செய்ய வந்த அம்மையார் பதிவேட்டைப் புரட்டிவிட்டு, "முப்பதில் இந்த 18 சதவீதம் எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டார்.

"எங்கள் மெஷினில் விழும் ரன்னரும் உடைசலும்தான் மேடம். அரைத்து அதே மெஷினில் போட்டுவிடுகிறோம். ஒரு கிலோகூட வீணாவதில்லை" என்று பெருமையோடு சொன்னேன். (ரன்னர் என்பது அச்சுக்குப் பிளாஸ்டிக் ஓடும் வழியில் உறைந்து நிற்கும் தண்டு.) அவர் பென்சிலை எடுத்து அந்த வரியை அடித்தார்.

பொருளின் மேல் எழுதும் சுற்றுச்சூழல் வாசகங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 14021 என்ற சர்வதேசத் தரநிலையை நாங்கள் படிக்காமல் இல்லை. நுகர்வுக்கு முந்தைய கழிவும், அதாவது உற்பத்தியின்போதே விழும் கழிவும், கணக்கில் சேரும் என்ற இடத்தோடு நிறுத்திக்கொண்டோம், அவ்வளவுதான். ஒரு செயல்முறையில் விழுந்து, அதே செயல்முறைக்குள்ளேயே திரும்பப் போடக்கூடிய உடைசல் சேராது என்று அதற்கு அடுத்த வாக்கியமே சொல்கிறது. கோபம் ஆறிய பிறகு யோசித்தால் நியாயம்தான். குப்பைக்கே போகாத பொருளைக் குப்பையிலிருந்து மீட்டேன் என்று எப்படிச் சொல்வது?

மீதி 12 சதவீதம் வெளியே வாங்கிய பழைய கிரேட். அதிலும் பாதிக்கு மூலச் சான்று இல்லை. எடைச் சீட்டில் "கலப்பு பிளாஸ்டிக்" என்று மட்டும் எழுதியிருந்தது. எந்த இடத்திலிருந்து எடுத்தது என்று எழுதி வாங்க மூன்று மணி நேரம் பயணம் செய்து வியாபாரியின் கிடங்குக்குப் போனால் கதவில் பூட்டு. மறுபடி போனபோது, "எடை போட்டுத்தானே வாங்கினீர்கள், காகிதம் எதற்கு?" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். முதல் லோடு இறங்கிய அன்றே நாங்கள் கேட்டிருக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து எந்த மூட்டை எங்கிருந்து வந்தது என்று யாருக்கு நினைவிருக்கும்? ஆக, 30 என்று அச்சடித்தது 6 ஆனது.

சரக்கின் கதை வேறு. தண்ணீர்த் தொட்டியில் போட்டால் பி.வி.சி.யும், பாட்டில் செய்யும் பெட் (PET) பிளாஸ்டிக்கும் மூழ்கிவிடும், மிதப்பதை அள்ளினால் போதும் என்று நம்பியிருந்தோம். பாலிஎத்திலீனும் மிதக்குமே! அது கலந்த ஒரு தொகுதியில் வார்த்த கிரேட்டின் ஓரத்தை நகத்தால் கீறினால் வெங்காயத்தோல் போல் உரிந்து வந்தது. அத்தனையும் போச்சு. அதிலிருந்து, அடியில் முக்கோணத்துக்குள் பாலிபுரோப்பிலீனுக்கான 5 என்ற எண் இருக்கிறதா என்று ஒவ்வொரு கிரேட்டையும் கவிழ்த்துப் பார்த்துத்தான் அரைவைக்கு விடுகிறோம். அலுப்பான வேலைதான், ஆனால் குறுக்கு வழி கிடைக்கவில்லை. இன்னொன்று, அந்த எண் பிளாஸ்டிக்கின் இனத்தைத்தான் சொல்கிறது. மறுசுழற்சிக்கு உத்தரவாதம் என்று வாடிக்கையாளரிடம் சொல்லிவிடாதீர்கள். நான் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் கிரேட்டுகளையே திரும்ப வாங்கும் ஏற்பாடு, முன்பணம் பிடிக்கத் தொடங்கிய பிறகு தானாக ஓடியது. ஆனால் வந்தவற்றில் காகித லேபிளும் பசையும். கழுவினால் பாதிதான் போகிறது. மீதி, பிளாஸ்டிக்கை உருக்கித் தள்ளும் எக்ஸ்ட்ரூடர் மெஷினின் சூட்டில் கருகி, சல்லடையை அடைத்து, குருணையில் கரும்புள்ளியாக நிற்கிறது. "நல்லவேளை சார், அந்த முப்பது சதவீத லேபிளை நாம் ஒட்டவில்லை" என்றார் எங்கள் மூத்த ஃபிட்டர். அதுவும் காகிதம்தான்.

மூலை மட்டும் உடைந்த கிரேட்டுகளை அரைவைக்குத் தள்ளிக்கொண்டிருந்த எங்களைத் தடுத்ததும் அவர்தான். வெப்பக்காற்றுத் துப்பாக்கியும் அதே பிளாஸ்டிக் கம்பியும் வைத்து ஒரு மூலையைப் பத்து நிமிடத்தில் பற்றவைத்துக் காட்டினார். ஏறி நின்று பார்த்தேன், தாங்கியது. திரும்பி வருவதில் மூன்றில் ஒன்று இப்போது அப்படியே மறுபடி வண்டி ஏறுகிறது. வேடிக்கை என்னவென்றால், அரைத்தால் சதவீதம் ஏறும். பழுது பார்த்தால் அந்தக் கணக்கில் பூஜ்யம். ஆனால் வட்டப் பொருளாதாரத்தை அளக்க 2024இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 59020 தரநிலையில் மறுபயன்பாட்டுக்குத் தனி அளவீடு உண்டு. ஆகவே இரண்டுக்கும் தொடக்கத்திலேயே தனித்தனிப் பதிவேடு போட்டுவிடுங்கள். நாங்கள் பழைய சீட்டுகளைக் கொட்டிப் பிரித்து எழுத இரண்டு வாரம் ஆனது.

இரண்டாம் தணிக்கை அரை நாளில் முடிந்தது. பென்சில் வெளியே வரவே இல்லை. சதவீதம் இப்போது கிரேட்டின் அடியிலேயே பதிகிறது. அச்சில் கழற்றி மாட்டும் சிறு துண்டு வைத்திருக்கிறோம். எண் மாறினால் துண்டை மாற்றினால் போதும். தற்போது 22. பழைய லேபிள் கட்டுகள் அலமாரியில் அப்படியே கிடக்கின்றன. பின்தாளில் சிலிக்கோன் பூச்சு இருப்பதால் காகிதக் கழிவு எடுப்பவர்கூட வேண்டாம் என்கிறார்.