எத்தனை பேரில்?

ஜூன் 2

ஆய்வாளர்கள் தங்கள் ஆய்வைப் பொதுமக்களிடம் பேசப் பழகும் பட்டறைக்குப் பன்னிரண்டு பேர் உறுதியாகிவிட்டார்கள். கேமரா முன் ஒருவருக்கு 3 நிமிடப் பேச்சு, அதைப் போட்டுப் பார்க்க 3 நிமிடம், கருத்துச் சொல்ல 9 நிமிடம். கூட்டினால் 3 மணி நேரம், இடைவேளை தனி. ஒரே மதியத்தில் திணித்தால் கடைசி நான்கு பேருக்கு "நன்றாக இருந்தது" என்பதற்கு மேல் எதுவும் கிடைக்காது. இரண்டு அறை, இரண்டு கேமரா கேட்க வேண்டும்.

ஜூன் 3

முதல் நாள் ஸ்லைடு கிடையாது. யார் கேட்டாலும் கிடையாது.

ஜூன் 5

சுருக்கிப் பேசும் பயிற்சி: 60 வினாடி, பிறகு 30, 15, 8. இருவர் இருவராக, நின்றுகொண்டே. சுற்றுகளுக்கு நடுவே யோசிக்க நேரம் தரக் கூடாது. தந்தால் எழுதத் தொடங்குவார்கள், எழுதினால் ஆய்வுக் கட்டுரை நடை வந்து உட்கார்ந்துகொள்ளும். 30இல் வேகத்தைக் கூட்டுவார்களே தவிர எதையும் வெட்ட மாட்டார்கள். தடுக்க வேண்டாம். 15இல் மூச்சு போதாது, அப்போதுதான் செய்முறை விவரங்கள் உதிரும். 8இல் மிஞ்சுவது பெரும்பாலும் முதல் 60இல் கடைசி வரியாக வந்த விஷயம். உடனே மறுபடி 60 வினாடி, அந்த வரியிலிருந்து தொடங்கிப் பேச வேண்டும். இந்தக் கடைசிச் சுற்றை விட்டுவிட்டால் மற்றதெல்லாம் வெறும் விளையாட்டு.

ஜூன் 6

பேச்சுச் சுருக்கங்கள் வரத் தொடங்கிவிட்டன. சதவீதம் இருக்கிறது, எத்தனை பேரில் என்பது இல்லை. 1995தான் நினைவுக்கு வருகிறது. புதிய வகைக் கருத்தடை மாத்திரைகள் ரத்தம் உறையும் அபாயத்தை இரு மடங்காக்குகின்றன என்று அந்த அக்டோபரில் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு எச்சரித்தது. 7,000 பெண்களில் ஒருவருக்கு இருந்தது இருவருக்கு ஆகியிருந்தது. மக்கள் காதில் விழுந்தது "இரு மடங்கு" மட்டும். பயந்து பலர் மாத்திரையை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நடந்ததாக மதிப்பீடு. கர்ப்ப காலத்தில் ரத்தம் உறையும் அபாயமோ மாத்திரையால் வருவதைவிட அதிகம். யாரும் பொய் சொல்லவில்லை, கணக்கும் சரிதான். அதனால்தான் மனசு ஆறவில்லை.

பயிற்சி அட்டைக்கு 2015ஆம் ஆண்டின் இறைச்சிச் செய்தியை எடுத்துக்கொள்ளலாம்: தினம் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி, பெருங்குடல் புற்றுநோய் அபாயம் 18% கூடுதல். அடிப்படை அபாயம் நூறு பேரில் 6 என்று வைத்தால் அது 7 ஆகும். ஆறையும் ஏழையும் அவர்களே கணக்கிட்டு, நூறு புள்ளி போட்ட தாளில் வண்ணம் தீட்டட்டும். தலைப்பை அதன் பிறகு எழுதச் சொல்ல வேண்டும், முன்பு அல்ல.

ஜூன் 9

தூக்கம் இல்லை. இத்தாலியின் லாக்விலா நகரம். 2009 ஏப்ரல் 6 நிலநடுக்கம், 309 உயிர்கள். அதற்கு ஒரு வாரம் முன்பு ஓர் அதிகாரி, சிறு அதிர்வுகளால் ஆற்றல் வெளியேறுவது நல்லதுதான் என்ற பொருளில் தொலைக்காட்சியில் பேசினார். அறிவியல் அப்படிச் சொல்லவில்லை. மக்களுக்குப் பொய்யான ஆறுதல் தந்ததாக 2012இல் அவரோடு சேர்த்து ஆறு விஞ்ஞானிகளுக்கும் சிறைத்தண்டனை. 2014 மேல்முறையீட்டில் அந்த ஆறு பேரும் விடுதலை. நான் மாணவர்களிடம் வைக்க வேண்டியது வழக்கை அல்ல, மைக் முன்னால் யார் நின்றார்கள் என்பதை.

மாதிரிப் பேட்டியில் "ஆமாவா, இல்லையா?" என்று நெருக்க வேண்டும். பதில் இந்த வரிசையில் வரட்டும்: என்ன தெரியும், என்ன தெரியாது, அதுவரை மக்கள் என்ன செய்யலாம். மூன்றாவதை விட்டுவிட்டால் கேட்பவர் அந்த இடத்தைத் தானாக நிரப்பிக்கொள்வார், பெரும்பாலும் ஆறுதலால்.

ஜூன் 10

காலர் மைக் மோவாயிலிருந்து ஒரு சாண் கீழே. அடையாள அட்டையைக் கழற்றச் சொல்ல வேண்டும், கயிறு உரசினால் ரெக்கார்டிங் முழுக்கக் கரகரக்கும். பேட்டரி புதிது.

ஜூன் 12

வெளியிலிருந்து வரவேண்டிய நான்கு கேட்பாளர்களில் இருவர் இல்லை. வேறு துறை ஆய்வாளர்களை உட்கார வைத்தால் போதாதா என்கிறார்கள். போதாது! புரியாத கலைச்சொல்லுக்கும் தலையாட்டப் பழகியவர்கள் அவர்கள். அந்தத் தலையாட்டலைப் பார்த்துத்தான் பேசுபவர் ஏமாறுகிறார்.

கேட்பாளர் குறிப்பெடுக்கக் கூடாது. பேச்சு முடிந்து 20 நிமிடம் கழித்து, நினைவிலிருப்பதை ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டும். அதை அப்படியே பலகையில் எழுதுவேன். ஆய்வாளர் குறுக்கே பேசித் திருத்தக் கூடாது, தன் பேச்சைத்தான் திருத்த வேண்டும். பட்டறையில் இதைவிட முக்கியமான நேரம் எதுவும் இல்லை. இரண்டு பேரை எப்படியாவது பிடித்தாக வேண்டும்.

ஜூன் 13

ஒருவர் கிடைத்துவிட்டார்!

ஜூன் 16

முதல் நாள் முடிந்தது. எல்லோரும் துறை வரலாற்றிலிருந்துதான் தொடங்கினார்கள். முதல் இரண்டு வாக்கியங்களை அடித்துவிட்டு மூன்றாவதிலிருந்து பேசச் சொன்னதும் அறையே நிமிர்ந்து உட்கார்ந்தது. ஆனால் கேட்பாளர்கள் திருப்பிச் சொன்னபோது, ஒரு பேச்சில் தெளிவாகச் சொல்லப்பட்ட "ஆயிரத்தில் நான்கு" கூட "நிறைய பேருக்கு" என்று வந்தது. எண்ணை ஒருமுறை சொன்னால் தங்காது. தொடக்கத்திலும் முடிவிலும், இரண்டு முறையும் அதே ஆயிரத்தை வைத்து.

நாளை பேட்டி. கடைசிக் கேள்வி எல்லோருக்கும் ஒன்றே: "என் அம்மாவுக்கு இந்த நோய் இருக்கிறது, உங்கள் மருந்து எப்போது வரும்?" எலியில் செய்த சோதனை என்பதைப் பதிலின் முதல் வாக்கியத்திலேயே சொல்கிறார்களா என்று பார்க்க வேண்டும். கேள்வி அட்டைகளை இன்னும் இரண்டு அறைக்கும் பிரிக்கவில்லை.